நெறஞ்சு கெடந்த அரிசிப்பானை

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் இதை இன்னொருத்தர் கையால எழுத வைக்க மனசில்லை.

எழுபதுகள்ல கேரளா எல்லையில எங்க வடகரப்பதிப் பக்கம் அரிசி கடத்தறாங்கன்னு செக்போஸ்ட்டுல மூட்டை மூட்டையாப் புடிச்சுக்கிட்டிருந்தாங்க. அங்க வேலை பார்த்த மலையாளத்துக்காரர் ஒருத்தர் சம்சாரத்தோட பக்கத்து ஊட்டுக்குக் குடிவந்தார். ஊருக்குள்ள எத்தனையோ ஊடு காலியாக் கெடக்கையில எங்க ஊட்டோரமா எதுக்கு வரணும்? அப்பவே எனக்கு உறுத்தல்தான்.

ஒரு நாள் வெளக்கு வெச்ச நேரத்துல அந்தப் பொம்பளை கிண்ணத்தோட வந்தா.

"அக்கா, கொறச்சு அரி வேணும். விருந்துக்காரு வந்திருக்கு."

எங்க பானை காலையிலயே தொடைச்சாச்சு. ஆனா அரிசி இல்லேன்னு எங்க ஊட்ல எவளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டா. சொன்னா அந்தச் சொல்லு ஊட்லயே தங்கிப்போகும். அதனால வழக்கம்போல, "அரிசி நெறஞ்சு கெடக்குதுங்க"ன்னேன். எங்க சனமா இருந்தா தீர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சு திரும்பிடும். இவ கிண்ணத்தை நீட்டிக்கிட்டே நிக்கறா. பார்வை பரண் மேல போகுது. வேவு பார்க்கறாளாட்ட இருக்குதுன்னு கதவை ஒருக்களிச்சுட்டேன்.

விடிஞ்சதும் அவ புருசன் ரெண்டு ஆளோட வாசல்ல நின்னார்.

"நெறய அரி உண்டுன்னு கேட்டல்லோ. மேலே என்ன?"

மேலே இருந்தது விதைநெல்லு. அதை எடுத்துட்டுப் போனா அந்தப் போகம் வயலு தரிசுதான். எங்க ஊட்டுக்காரரு தோட்டத்துல இருந்தார்.

"அது விதைங்க."

"இன்னைக்கு விதை ஆயிருச்சா?" சிரிச்சார். ஒருத்தன் ஏணியில கால வெச்சுட்டான்.

நான் பானையத் தூக்கியாந்து அவர் முன்னால கவுத்தேன்.

"அரிசி இல்லீங்க. நேத்தும் இல்லை. எங்க ஊட்ல அப்படித்தான் சொல்றது."

வாக்கப்பட்டு வந்து அந்தச் சொல்லை நான் சொன்னது அன்னைக்குத்தான். நம்பினாரோ, கூசினாரோ, ஏணியில இருந்தவனை எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டார்.

அப்புறம் அவ வேலியோரமா வந்து, "இல்லெங்கில் இல்லான்னு பறஞ்சா போதாதா, அக்கா?"ன்னா.

"நீங்க சொல்லுங்க. நாங்க சொல்றதில்லை"ன்னேன்.

விதைச்சோம், வெளைஞ்சுது. புது அரிசி ஒரு மொறம் நெறையக் கொண்டுபோயி அவ கையில குடுத்தேன். நெறஞ்சிருக்குதுன்னு நான் சொல்லலை. அவ மொறத்தைப் பார்த்தா, என் மூஞ்சியப் பார்த்தா, அப்புறம் அடிவரைக்கும் கையவிட்டுப் பார்த்துட்டுத்தான் உள்ள கொண்டுபோனா.