மடிக்கிற சைக்கிளுக்கு ஒரு கேரியர்

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு நடையில் இருந்தவர்கள்.

நான்.

என் வீட்டுக்காரி.

அவள் தம்பி. எனக்கு மச்சான். தட்டாஞ்சாவடியில் சோபா செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை.

மதாம். வீட்டு ஓனர். கீழே அவர், மாடியில் ஒற்றை அறையில் நாங்கள். எழுபதைத் தாண்டிய வயது. அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர்.

அவர் விட்டுப்போன கார். தார்ப்பாய் போர்த்தி நடையில் நிற்கிறது. பல வருசமாக ஓடவில்லை. மதாம் அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார். அதனால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக என் சைக்கிள். நடுவில் இரண்டாக மடிகிற சைக்கிள். அன்று மடியவில்லை.

மூலக்குளத்தில் எங்கள் தெரு நல்ல தெருதான். ஆனாலும் வாசலில் நிறுத்திய என் சைக்கிள் காணாமல் போனது. வேறொன்று வாங்கினேன். அதுவும் போனது. நடையில் விடலாம் என்றால் மதாம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நடையில ஒரு வண்டிதான் முசே. அது நிக்குது." காரைக் காட்டுவார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

கொஞ்ச நாள் வேலைக்கு நடந்தே போனேன். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அட்டைப்பெட்டி கம்பெனியில் இருக்கிறேன். வெட்டி வருகிற அட்டையைப் பெட்டியாக மடிக்க வேண்டும். அங்கே கணக்கு பார்க்கிற பையன் பைக் வாங்கினான். கையில் இருந்த மடிக்கிற சைக்கிளை யாருக்காவது தள்ளிவிடப் பார்த்தான். மடித்துக் காட்டினான். நானும் மடித்தேன். அட்டையைவிடச் சுலபம். விலையும் குறைவு. வாங்கிவிட்டேன்.

சக்கரம் சின்னது. சீட்டு உயரம். நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல். தெருவுக்குள் வரும்போதே என் வீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"யோவ், சர்க்கஸ்ல கரடிய எறக்கி உட்டுட்டாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் விக்கல் வரும். வந்தால் லேசில் நிற்காது. சர்ச்சில் கல்யாணப் பூசையில் மோதிரம் என் விரலில் ஏறவில்லை. சிரித்துவிட்டாள். விக்கல் அடங்குகிறவரை பங்குசாமி மோதிரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதாம் வாசலில் மறித்தார்.

"என்ன முசே இது?"

"சைக்கிள் மதாம்."

"நோன். நடையில ஒரு வண்டிதான்."

நடுவில் கீலை இறுக்கிப் பிடிக்கிற பூட்டை எடுத்து மடித்தேன். முன்சக்கரம் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. மதாம் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். உருளவில்லை.

"மடிஞ்சா மூட்டை. மடியலன்னா வண்டி. மூட்டைய மேல எடுத்துட்டு போங்க."

எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கடியில் சரியாக அடங்கியது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கம்பெனியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கியர் போடு என்றார்கள். டயரை மாற்று என்றார்கள். இதைத் தள்ளிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுகிறது. மடிகிறது. திருடு போகவில்லை. ஒரு சைக்கிள் இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்காரி ஒன்றுதான் கேட்டாள்.

"நான் எங்கய்யா உக்கார?"

அதில் கேரியர் இல்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலில்தான் பூசை காண்பாள். பழைய சைக்கிளில் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். ஒரு கை என் இடுப்பில் இருக்கும். இன்னொரு கையில் செபமாலை. டெம்போ அவளுக்கு ஆகாது. டீசல் வாசம் மூக்கில் ஏறினால் வாந்தி. பஸ்ஸும் அப்படித்தான். சைக்கிள்கள் திருடு போனதிலிருந்து அவள் வில்லியனூர் போகவில்லை.

"இது போதும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புடவை கட்டிக்கொண்டு டெம்போ ஏறினாள். அரும்பார்த்தபுரத்திலேயே முடியாமல் இறங்கிவிட்டாள். மீதி தூரம் வெயிலில் நடந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம்.

"தம்பிய வரச் சொல்லு" என்றேன்.

மச்சான் சனிக்கிழமை காலையில் வந்தான். சைக்கிளைக் கீழே கொண்டுவந்து விரித்து அவன் கையில் கொடுத்தேன்.

"கேரியர் வேணும். உங்க அக்கா உக்கார்ற மாதிரி."

"உடு மாமா. பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அது மடியும் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். தெருமுனையிலிருந்தே பெல் அடித்தான். என் சைக்கிளில் பெல் கிடையாது. அதுவும் போட்டிருந்தான். பின்னால் தடித்த கம்பியில் அகலமான கேரியர். அதன்மேல் மெத்தை. ஸ்பாஞ்சு வைத்து மெரூன் கலர் ரெக்சின் போர்த்தி, நடுநடுவே பட்டன் தைத்த மெத்தை. பட்டறையில் சோபாவுக்கு வைக்கிற அதே சாமான். கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி.

வீட்டுக்காரி படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தாள். மெத்தையை அழுத்தினாள். அது அமுங்கி எழுந்தது. மறுபடி அழுத்தினாள்.

"டேய், நம்ம வூட்டு கட்டில் கூட இப்பிடி இல்லடா."

"உக்காருக்கா."

உட்கார்ந்தாள். நான் மிதித்தேன். தெருவைச் சுற்றினோம். சக்கரம் சின்னது என்பதால் கால் மிஷின் மாதிரி சுற்றுகிறது, வண்டி மெல்லப் போகிறது. ஒரு நாய் பக்கத்தில் நடந்தே வந்தது. அவள் சிரித்தாள். முதல் விக்கல் அப்போதுதான் வந்தது. நான் சிரிக்கிற ஆள் இல்லை. அன்று திருப்பத்தில் தேவையில்லாமல் பெல் அடித்தேன்.

திரும்பி நடைக்குள் வந்தோம். மதாம் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மடிங்க முசே."

பூட்டை எடுத்தேன். அழுத்தினேன். அசையவில்லை. முட்டியை வைத்து அழுத்தினேன்.

"இன்னா மாமா பண்ற?" என்றான் மச்சான்.

"மடிக்கறேன்."

"எத?"

"சைக்கிள."

"அது எப்பிடி மடியும்? நடுவுல ஆடிச்சு. அடியில ஒரு பைப்பு குடுத்து ரெண்டு முனையும் வெல்டிங்ல பத்த வச்சிட்டேன். இனிமே யானை ஏறினாலும் ஆடாது."

"யார்ரா யானை?" என்றாள் அவன் அக்கா.

"மடிக்கிற சைக்கிள்டா அது" என்றேன்.

மச்சான் கீழே குனிந்து, தான் பத்த வைத்த இடத்தைப் பார்த்தான். வெள்ளிப் பெயிண்ட் அடித்து அழகாக முடித்திருந்தான்.

"மடிக்கறதுக்கா அது? நான் ஒடஞ்சி போச்சி, எவனோ கீல் போட்டு ஒட்டியிருக்கான்னு நெனச்சேன். அந்த வேலைய பாத்துட்டு காறி துப்பினேன் மாமா."

பிறகு வீட்டுக்காரிக்கு ஒரு விக்கல் வந்தது. அதோடு எல்லாம் போனது. அவள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மச்சான் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மதாம் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டது.

"கார்லேர்ந்து கைய எடு தம்பி. மடிஞ்சா மூட்டை. மடியலன்னா வண்டி. இது வண்டி."

"மதாம், பெரிய மனசு பண்ணி..." என்று ஆரம்பித்தான்.

"நோன். இன்னிக்கு ஒரு ராத்திரி நிக்கட்டும். நாளைக்கு இருட்டறதுக்குள்ள மடியணும். இல்லன்னா தெருவுல."

தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு பட்டறை லீவு. சாவி மொதலாளிகிட்ட. கெஞ்சி வாங்கியாந்து சாயங்காலம் பைப்ப வெட்டிடறேன்" என்றான் மச்சான். "ஆனா வெட்டினா நடுவுல ஆடும். அக்கா உக்கார்றதுக்கு நான் பொறுப்பு கெடையாது."

அவன் மெத்தையைத் தடவினான். வீட்டுக்காரி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

"நாளைக்கு காலையில பூசைக்கு ஒரு வாட்டி போயிட்டு வந்துடறோம். அப்பால வெட்டு."

காலையில் கிளம்பினோம். நல்ல புடவை, மல்லிகைப்பூ, மெத்தையில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். பைப்பு பத்த வைத்திருக்கிறதே என்று நடுப்பூட்டை நான் போடவில்லை. எப்படியும் மடியாதே.

வழியெல்லாம் பார்த்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். ஒரு பையன் பைக்கை ஓரம் கட்டி, "சோபா எவ்வளவுக்கா?" என்று கேட்டான். "சோபா வாங்கினா ஒரு ஆள் ஃப்ரீ" என்று என் முதுகைத் தட்டிக் காட்டினாள். மறுபடி விக்கல்.

அரும்பார்த்தபுரம் பாலத்தில் ஏற முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். அவளும் இறங்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றேன்.

உச்சியில் சீட்டில் ஏறி உட்கார்ந்து சைக்கிளை விட்டேன். இறக்கத்தில் மிதிக்கவே வேண்டாம். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. பூ என் காதில் வந்து அடித்தது. அவள் விக்கலும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. பெல் அடித்தேன். முன்னால் யாரும் இல்லை.

வில்லியனூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். அடியில் டப்பென்று ஒரு சத்தம். பைப்பு ஒரு முனையில் விட்டது. முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி எங்களைப் பார்க்க வந்தது. சைக்கிள் ஆடு படுக்கிற மாதிரி மெல்ல உட்கார்ந்தது. நான் மண்ணில் முட்டி போட்டிருந்தேன். எனக்குப் பின்னால் அவளும் முட்டி போட்டிருந்தாள். அடி ஒன்றும் இல்லை.

மெழுகுவர்த்தி விற்கிற அம்மா எங்களைப் பார்த்தது.

"முட்டி போடறது உள்ளாரம்மா. வாசல்லயே ஆரம்பிச்சிட்டீங்க."

வீட்டுக்காரி சைக்கிளைப் பார்த்தாள். அது இரண்டாக மடிந்து கிடந்தது.

"யோவ், மூட்டை ஆயிடுச்சிய்யா" என்றாள். அப்புறம் அவளால் பேச முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து விக்கினாள். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தது. அதுவும் புரையேறியது.

பைப்பின் மறுமுனையைக் கையால் இரண்டு திருப்பு திருப்பினேன். கழன்று வந்தது. மச்சான் சோபாவுக்குப் பத்த வைக்கிறவன். சோபா வேகத்தடை ஏறாது.

பூசை முழுக்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரசங்கத்துக்கு நடுவே ஒன்று தப்பி வெளியே வந்தது. முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நான் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து சைக்கிளை விரித்தேன். நடுப்பூட்டைப் போட்டேன். கேரியர் பின்பாதியில் உறுதியாக நின்றது. அதற்கும் உடைந்த பைப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றாள். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பூட்டு புடிக்குதா?"

ஹேண்டிலைப் பிடித்து முழு பலத்தோடு ஆட்டினேன். லேசாக ஆடியது. வாங்கினபோதும் அப்படித்தான் ஆடியது.

"புடிக்குது."

"நெசமா?"

"தெனம் என்னைய சொமக்குதில்ல."

"நீ ஒரு ஆளு. நான் வேற இருக்கேன்."

நான் ஏறி உட்கார்ந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். "ஏறு" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். ஏறினாள். மெத்தை அமுங்கியது. ஒரு கை இடுப்புக்கு வந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பள்ளம் பார்த்து ஒதுங்கினேன். வேகத்தடையில் இறங்கித் தள்ளினேன், அவளை இறக்கவில்லை. பாலத்து இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன். பூட்டு பிடித்தது. பாலம் முடிந்த பிறகுதான் பெல் அடித்தேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

அவளுக்கு ஒவ்வொரு விக்கல் வரும்போதும் அந்தச் சின்ன சைக்கிள் ஒரு துள்ளு துள்ளும். ஹேண்டில் வரைக்கும் வந்து என் கையில் தெரியும். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

மதாம் நடையில் காத்திருந்தார். மச்சானும் பட்டறைச் சாவியோடு வந்து நின்றிருந்தான். உடைந்த பைப்பை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேணும்னா இன்னும் கனமா ஒண்ணு..."

"வேணாம்."

பூட்டை எடுத்து மடித்தேன். மடிந்தது. மெத்தை மட்டும் மேலே நின்றது. மதாம் ஒரு சுற்று சுற்றி வந்தார். மெத்தையை ஒரு விரலால் அழுத்தினார். அமுங்கி எழுந்தது. திரும்பி அதன்மேல் உட்கார்ந்தே பார்த்தார். எழுந்து காரை ஒரு தட்டு தட்டினார்.

"மூட்டை" என்றார். "மேல எடுத்துட்டு போங்க. விக்கல் நிக்க அவளுக்கு கொஞ்சம் சக்கரை குடுங்க, தூங்க முடியாது இந்த சத்தத்துல."

இப்போது அது கட்டிலுக்கடியில் போவதில்லை. மெத்தை இடிக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேலைக்கும் அதுதான், பூசைக்கும் அதுதான். கியர் போடவில்லை.

அன்று சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். அவள் பின்னால் விக்கிக்கொண்டே வந்தாள்.

"இன்னாய்யா வழியெல்லாம் ஒண்ணுமே பேசல?"

"எண்ணிக்கினு வந்தேன்."

"எத்தினி?"

நாற்பத்தொன்று.