கண்ணாடியில் பதிந்த விரல்

என்னைத் தெரிந்தவர்கள் ஒரே குறைதான் சொல்வார்கள்: தனுஜாவுக்குச் சுத்தப் பைத்தியம். பிடிக்காதா பின்னே? பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருஷம், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, ஒற்றைத் தூசுக்குப் பயந்து வேலை பார்த்தவள் நான். அதன்பிறகு கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் ஷேக் அலாவுதீன் அண்ணனின் பழைய கேமரா கடைக்கு வந்தேன். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற ஃபில்டர் கண்ணாடிகளைச் சுத்தம் செய்வது என் வேலை. கறையோடு ஒரு கண்ணாடி என் கையைத் தாண்டிப் போனதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

போன மாதம் ஷாஹிரா என்ற பெண் அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தாள். அவள் அப்பா கல்யாணப் படம் எடுத்தவர். இவளுக்கு எட்டு வயதாகும்போதே இறந்துபோய்விட்டாராம். அவருடைய லென்ஸில் ஃபில்டர் இறுகிக் கிடந்தது.

"இத்தன நாளு மூடியத் தொறந்து பாக்கவே மனசு வரலக்கா. இத மட்டும் கழட்டிக் குடுங்க, போதும்" என்றாள். நாளைக்கு வருவதாகச் சொல்லி லென்ஸை விட்டுவிட்டுப் போனாள்.

அவளுக்குப் போதும், எனக்குப் போதுமா? தடித்த ரப்பர் பேண்டை வளையத்தில் சுற்றித் திருகினேன், கழன்றது. கண்ணாடியின் நடுவில் மட்டும் தெளிவு, சுற்றிலும் பிசுபிசுப்பு, ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. சே, என்ன மனுஷனோ என்று முணுமுணுத்துக்கொண்டே, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் போன் செய்தாள்.

"அக்கா, அம்மா இப்பத்தான் சொன்னாங்க. கல்யாணப் பொண்ணு மொகம் பூ மாதிரி விழணும்னு அத்தா அந்தக் கண்ணாடியில வாசலின் தடவுவாங்களாம். கடைசியாத் தடவுனது அப்படியே இருக்காம், அவங்க வெரலுகூட பதிஞ்சிருக்காம். தொடச்சிடாதீங்க லா!"

"இல்லம்மா, தொடல" என்றேன். வாய் கூசவில்லை பாருங்கள்!

அண்ணனிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்துக் கடையில் வாசலின் வாங்கி வந்தேன். ஓரத்தைச் சுற்றித் தடவி, என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

சாயங்காலம் ஷாஹிரா வந்தாள். கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தாள். ரேகையைத் தொடாமல், அதற்கு நேராகத் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அத்தா கை ரொம்பப் பெருசுன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். "என் வெரலு அளவுதான் இருக்கு. அப்ப நான் சின்னப் புள்ள இல்லையா, அதான் பெருசாத் தெரிஞ்சிருக்கும் போல."

'அது என் விரல்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என் கையைப் பிடித்தாள். "நல்லபடியா பாத்துக்கிட்டீங்கக்கா."

"நம்ம தனுஜா கையில குடுத்தா பயமே வேணாம் லா" என்றார் அண்ணன், பெருமையாக. கூனிக் குறுகிப்போனேன்.

அவள் ஃபெரிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷமாகப் பெரிதாகவே இருந்த அவள் அப்பாவின் கையை நான்தான் சின்னதாக்கி அனுப்பிவிட்டேன்.