சித்தூரில் ஒரு ஜர்னல் அலமாரி

எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்டு வாங்காத பொறுப்பு ஒன்று இருக்கும். சித்தூரில் டாக்டராக இருந்த எனக்கு வாய்த்தது பழைய மருத்துவ ஜர்னல் அலமாரி. வெள்ளைக்காரர் காலத்து இதழ்கள். அவற்றை எடைக்குப் போடச் சொல்லாத மேலதிகாரி கிடையாது. போடுவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய புத்தகம் சேர்த்து வீட்டில் திட்டு வாங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

அட்டை

நகரி நெசவாளி ஒருவர், நிமோனியாவில் கிடந்த மகனுக்குத் துணையாக வந்திருந்தார். பென்சிலின் போட்டதில் மகன் தேறிவிட்டான். நான் புரட்டிக்கொண்டிருந்த ஜர்னலில் ஒரு படத்தைப் பார்த்து, "இது இன்னா சார், அட்டையா?" என்றார். அந்தக் காலத்தில் இதே நோய்க்கு அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள், பெரிய டாக்டர்களே எடுத்தார்கள் என்றேன்.

அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க நைனாவுக்கும் ஊர்ல அட்டை வுட்டாங்க. அவரு செத்தது ஜுரத்தாலயா சார், அட்டையாலயா?"

பாகப்பிரிவினை

எல்லை பிரிந்து, சித்தூர் ஆந்திராவிலேயே இருக்க, திருத்தணி மட்டும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, அந்தப் பக்கம் மாற்றலாகிப் போன டாக்டர் நண்பர் பாதி ஜர்னல் தனக்கு வேண்டும் என்று வண்டியோடு வந்து நின்றார். ஆளுக்கு ஒரு வால்யூமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

நான் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். குளோரோபாரம் கொடுத்து ஒரு சிப்பாயின் காலை எடுக்கிறார்கள். மீதி அடுத்த வால்யூமில். இதைப் பிரித்தால் அந்த ஆள் மேஜையிலேயே கிடப்பான், தரமாட்டேன் என்றேன். நண்பர் முறைத்தார். பிறகு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவன் பொழைச்சானா இல்லையா, அதையாவது படிச்சுக் காட்டுய்யா."

தண்ணீர்

திருப்பதிக்குப் போய்த் திரும்பிய சத்தியவேடு பெண் ஒருத்தி, வாந்திபேதியில் துவண்ட குழந்தையைத் தூக்கி வந்தாள். சலைன் ஏற்றினோம். குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. கொடுக்கச் சொன்னால், கையால் அதன் வாயைப் பொத்தினாள். "பேதிக்குத் தண்ணி குடுத்தா செத்துப்பூடும்னு எங்க மாமியாருக்குப் பெரியாஸ்பத்திரியிலயே சொல்லிக்கீறாங்க."

அதட்டிப் பயனில்லை. ஓடிப்போய் இரண்டு ஜர்னல்களைக் கொண்டுவந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். பழையதில் தண்ணீர் கூடாது என்று எழுதியிருந்தார்கள். பிந்தியதில், உடம்பில் தண்ணீர் வற்றித்தான் ஆள் போகிறது என்று எழுதியிருந்தார்கள். "உன் மாமியார் பொய் சொல்லலைம்மா. நாங்கதான் அப்போ தப்பாச் சொன்னோம்."

கையை எடுத்தாள். கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். மறுநாள் குழந்தை கஞ்சி கேட்டது. கிளம்பும்போது என்னை நேராகப் பார்த்தாள்.

"தப்பாச் சொன்னது நீங்க. தாகத்துல செத்தது எங்க சனம்."

இன்றைக்கு நான் அடித்துச் சொல்வதைப் படித்து நாளைய டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான், அலமாரியில் புது ஜர்னல்களுக்கும் இடம் ஒதுக்கினேன்.