ஹங்கேரிக்காரரின் பெட்டி

போன கிழமை ரூ லூயி-பிளாங் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு போன் கடையின் இரும்புக் கதவில் சுவரொட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒரு ஹங்கேரியப் பாட்டுக் குழுவின் 'கடைசிக் கச்சேரிகள்' என்று போட்டிருந்தது. கடைசி என்று சொல்லி டிக்கெட் விற்பவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்துப் புடவைக் கடை ஒன்று ஏழு வருடமாகக் கடை மூடும் மலிவு விற்பனை நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். நான்கு முகங்கள். என் காலத்தில் ஐந்து. சுவரொட்டியில் இல்லாதவர் லஸ்லோ.

அப்போது நான் ரூ பெர்தொனேயில் குணம் அண்ணையின் மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குக் கீழே நிலவறை. அங்கே வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தை, பாடிப் பழக இந்தக் குழுவுக்கு விட்டிருந்தார். தங்கள் ஊர்ப் பாட்டுகளுக்குக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து உரக்கப் பாடுகிறவர்கள். குழுவின் பெயரை என் நாக்கு இன்றுவரை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வான் சும்மா நிற்கும் என்பதால் நானே அவர்களை ஏற்றி இறக்குவேன். முதல் கச்சேரி ஒரு மதுக்கடையின் மூலையில். கேட்டவர்களைவிடக் குடித்தவர்கள் அதிகம். பிறகு சென் தெனி என்ற புறநகரில் ஒரு மண்டபம். அங்கே பிரெஞ்சுப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே கூடச் சேர்ந்து பாடினார்கள். வானில் கறிவேப்பிலை மணம் எப்போதும் இருக்கும். பாடகி யூடித்தின் வயலினில் அது ஊறிவிட்டது. கேட்டவர்கள் அதை ஹங்கேரி மணம் என்றே நினைத்திருப்பார்கள்.

லஸ்லோ வாசித்தது சிம்பலோம். மேசை அளவு வாத்தியம், மேலே நிறையக் கம்பிகள், பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்ட வேண்டும். அதன் பெட்டியை நானும் அவரும்தான் தூக்குவோம். குணம் அண்ணைக்கு அந்தப் பெட்டி முதல் நாளே பிடிக்கவில்லை.

"தம்பி, உந்தப் பெட்டியைப் பார்த்தனியோ? ஒரு ஆள் காலை மடக்கிக்கொண்டு வடிவாய்ப் படுக்கலாம்."

"வாத்தியம் அண்ணை."

"ஓம், ஓம். உன்ர காட் கவனம்."

காட் என்றால் பத்து வருட வதிவிட அட்டை. நாலு வருடம் காத்திருந்து அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதை வைத்துத்தான் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட வேண்டும். இயல்பிலேயே நான் சந்தேகப் பிராணி. காட் வந்த பிறகு நிழலைப் பார்த்தும் பயந்தேன்.

பிரசல்ஸில் பெரிய மேடை ஒன்று கிடைத்தது. அந்தக் காலையில் நான் போவதற்குள் பெட்டியை ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்களாம். ஏன் மூன்று பேர்? பெட்டியின் பக்கவாட்டில் புதிதாகத் துளைகள். நிலவறையில் இரண்டு கிழமையாகப் படுத்திருந்த, வதிவிடக் காகிதம் இல்லாத அவர்களுடைய நண்பன் ஒருவனையும் காணவில்லை. "அவன் போயிட்டான்" என்றார் லஸ்லோ. எங்கள் இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு. அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். மற்றவர்கள் ரயிலில் வர, அவர் மட்டும் என் பக்கத்தில் ஏறினார்.

"மெல்ல ஓட்டு. சடாரெண்டு பிரேக் அடிக்காதை."

முதல் தரிப்பிடத்தில் பின்கதவைத் திறந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். இரண்டாவது இடத்தில் அதைத் தட்டிக்கொடுத்து ஏதோ முணுமுணுத்தார். உள்ளே அவன்தான் என்று முடிவுகட்டினேன்; எல்லையில் பிடிபட்டால் என் காட் போய்விடும். எல்லைக்கு முந்திய பெட்ரோல் நிலையத்தில் வானை நிறுத்தி, எஞ்சினிலிருந்து திறப்பை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டேன். வெளியே நல்ல மழை.

"பெட்டியைத் திறவுங்கோ. திறக்காட்டி வான் போகாது."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் மாறியதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். சிம்பலோம்தான். அதைச் சுற்றி, அங்கே விற்பதற்கு அவர்களுடைய முதல் இசைத்தட்டுகள் கட்டுக் கட்டாய். பாரத்துக்குக் காரணம் அவை. நிலவறை ஈரத்தில் மரம் வெடிக்கத் தொடங்கியதால், காற்றுப் போக அவரே துளை போட்டிருக்கிறார். காது வைத்தது, கம்பி ஏதும் அறுந்து சத்தமிடுகிறதா என்று. வாத்தியத்தோடு பேசுவது மட்டும் அவருடைய பழக்கம்.

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டுக் கேட்டார்:

"நீ எங்கட நாட்டுக்குள்ளாலதானே வந்தனி?"

ஓம். நானே ஒருநாள் அவருக்குச் சொன்ன கதை. காகிதமில்லாமல் இங்கே வரும்போது ஹங்கேரியை நான் ஒரு லொறியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்துதான் கடந்தேன்.

"இதுக்குள்ள ஆள் இருந்திருந்தா என்ன செய்திருப்பாய்?"

நான் வானை எடுத்தேன். பிரசல்ஸ் வரை அவர் கண்ணாடி வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைய கச்சேரி அவர்களைத் தூக்கிவிட்டது. சொந்தமாக ஒரு பேருந்து வந்தது, ஊர் ஊராகப் போனார்கள், இன்னும் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன என்று கேள்வி. என்னை யாரும் பிறகு கூப்பிடவில்லை. லஸ்லோ குழுவை விட்டு ஊருக்கே திரும்பிவிட்டாராம். ஏன் என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்கு ஒருவரும் இங்கில்லை.

குணம் அண்ணையின் கடை இப்போது நகைக்கடை. நிலவறையில் சீமெந்து போட்டு மூடிவிட்டார்கள். வான் பழைய இரும்புக்குப் போனது. மனைவி வந்து, பிள்ளைகள் பிறந்து, என்னிடம் பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். எல்லாம் அந்தக் காட் தந்தவை. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

லஸ்லோவின் கேள்விக்குத்தான் வெட்கப்படுகிறேன். பதில் அன்றே எனக்குத் தெரியும். மனைவிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. ஆள் இருந்திருந்தால், அந்த மழையில் அவனை அங்கேயே இறக்கிவிட்டு வந்திருப்பேன்.