சிஞ்ஞோரா எடுத்துக்கொண்ட ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியின் சின்னச் சந்தைக்குப் பின்னால் என் தங்கை வசந்தி குடியிருக்கிறாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஐப்பசி மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வசந்தி ஒரு சிஞ்ஞோரா வீட்டில் பிள்ளை பார்த்து, சமைத்து, துப்புரவு செய்கிறாள். வீட்டுக்கார அம்மாவை அங்கே எல்லோரும் சிஞ்ஞோரா என்றுதான் சொல்கிறார்கள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வசந்திக்கு விடுமுறை. அவளுடைய கணவருக்கு உணவகச் சமையற்கட்டில் வேலை என்பதால் ஞாயிறும் விடுமுறை இல்லை.

அவர்களுடைய மகள் ஹரிணிக்கு ஒன்பது வயது. அம்மாவோடு மொந்தெல்லோ கடற்கரைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. சிஞ்ஞோரா வேலைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மூன்று ஞாயிறு தள்ளிப்போய்விட்டது. இந்த ஞாயிறு கட்டாயம் என்று தாய் சத்தியம் செய்திருந்தாள்.

எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. வசந்தி "சி சிஞ்ஞோரா, சி" என்று ஆமாம் போட்டாள். எனக்கு அத்துடன் விளங்கிவிட்டது.

"அவசரமாம் அக்கா. ஒரு மணித்தியாலம்தான். நீங்கள் ரெண்டு பேரும் பஸ் எடுத்துப் போங்கோ, நான் அங்கை வந்து பிடிக்கிறன்."

"இண்டைக்கு உனக்கு லீவெல்லோ? ஏலாது எண்டு சொல்லத் தெரியாதோ?"

"மார்கழியில பெர்மேஸ்ஸோ புதுப்பிக்க வேணும். அவ வேலைக் கடிதம் தராட்டி நாங்கள் மூண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்."

பெர்மேஸ்ஸோ என்பது நாட்டில் தங்குவதற்கான அனுமதி. அந்தச் சொல் வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ஹரிணிக்கென்று விடியவே எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸில் பாதியை எடுத்து வசந்தி வேறொரு டப்பாவில் அடுக்கத் தொடங்கினாள்.

"அது ஆருக்கு?"

"வெறுங்கையோட எப்பிடி அக்கா போறது? அங்கையும் பிள்ளையள் இருக்குதெல்லோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்துக்கா கூப்பிட்டார்கள்? ஓய்வு நாளில் வேலைக்கு இழுத்தவளுடைய வீட்டுக்கும் பலகாரத்தோடு போகிற சனம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது உண்டா?

பொலித்தியாமா சதுக்கத்தில் 806ஆம் இலக்கப் பஸ் ஏறினோம். ஒருவருக்கு ஒரு யூரோ நாற்பது சதம். கடற்கரை பத்துப் பதினொரு கிலோமீட்டர். தெருமுனையில் கஷ்கொட்டை சுடும் புகை பஸ்ஸுக்குள்ளும் வந்தது. பக்கத்து இருக்கையில் வசந்தியைத் தெரிந்த மன்னார்க்காரி ஒருவர் இருந்தார். தங்கை ஏன் வரவில்லை என்று கேட்டார், சொன்னேன்.

"என்ர சிஞ்ஞோராவுக்கு நான் முதல் மாசமே சொல்லிப்போட்டன், ஞாயிறு எண்டால் பூசை எண்டு. மாதாவோட அவவால மல்லுக்கட்ட ஏலுமோ? நீங்களும் ஏதாவது ஒரு சாமியைச் சொல்லியிருக்கலாம்."

"எங்கட முருகனை அவவுக்குத் தெரியாது," என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தைகளோடு மொந்தெல்லோவுக்குப் போக நினைப்பவர்கள் இலையுதிர்காலத்தில்தான் போகவேண்டும். கோடையில் வாடகைக்கு விடும் மரக்குடில்களைக் கழற்றியிருப்பார்கள். மணல் முழுவதும் திறந்து கிடக்கும். ஐப்பசியிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. எங்கள் ஊரில் இந்நேரம் மழையும் சேறுமாக இருக்கும். ஹரிணி காலை நனைக்காமல் பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்த பிறகுதான் இறங்குவாளாம்.

பன்னிரண்டு மணிபோல, "அம்மா!" என்று ஓடினாள்.

வசந்தி பஸ்ஸில் வரவில்லை. கரையோர உணவகம் ஒன்றின் முன்னால், இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பின்னால் வாளியும் துவாயும் சுமந்துகொண்டு நின்றாள். பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு மீன் ரோல்ஸ். சிஞ்ஞோரா சிநேகிதர்களோடு மேசையில் இருந்து கணவாய்ப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவசரம் என்றது இதைத்தான். தன் பிள்ளைகளோடு உல்லாசம் போக, அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

சிஞ்ஞோரா கெட்டவள் போலத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஹரிணியைக் கட்டிப்பிடித்தாள், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னாள், எங்களோடேயே இரு என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பெரியம்மா, ப்ளீஸ். அம்மா இஞ்சைதானே நிக்கிறா," என்றாள் ஹரிணி.

விட்டேன். அவள் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். காலையிலிருந்து நான் காணாத மலர்ந்த முகம். அம்மா சின்னவனைத் தூக்கினால் இவள் வாளியைத் தூக்கினாள். அம்மா பெரியவளின் தலையைத் துடைத்தால் இவள் துவாயை மடித்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், என் தங்கையின் பிள்ளை மணலில் முழங்காலில் இருந்து அந்தப் பொடியனுடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனுடைய சப்பாத்துகளை மடியில் வைத்திருந்தாள்.

மேசையிலிருந்து சிஞ்ஞோரா ஏதோ சொல்லிக் கை தட்டினாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

ஹரிணி சந்தோஷமாகத் திரும்பினாள். "அம்மாவைப் போலவே நல்ல கெட்டிக்காரியாம். கொஞ்சம் வளர்ந்தாப் பிறகு என்னையும் வேலைக்குக் கூப்பிடுவாவாம்."

சப்பாத்துகளைப் பிடுங்கினேன். மணலோடு கொண்டுபோய் அந்த மேசையில், கணவாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அக்கா," என்றாள் வசந்தி, கெஞ்சுகிற குரலில். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. ஹரிணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

வழியில் பெரிய பூங்கா ஒன்று வரும். பஸ் அதன் மரங்களுக்கிடையே போகும்போது அவள் அழத் தொடங்கினாள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அழாதை பிள்ளை. அம்மா பின்னேரம் வீட்டை வந்திடுவா."

"பின்னேரம் அவ ஒவ்வொரு நாளும்தான் வாறவ," என்றாள் ஹரிணி. "பகலில அம்மாவோட நிண்டது இண்டைக்குத்தான். ஏன் பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"