அவள் காதில் நான் சொன்ன படம்

கல்யாணமாகி ஒன்பதாவது நாள் என் மனைவியை ஒரு கன்னடச் சிரிப்புப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போளூர் பக்கத்துப் பெண். பெங்களூருக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த வாரம் தமிழ்ப் படம் எதுவும் உருப்படியாக இல்லை. இந்தப் படத்துக்குப் போனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று எங்கள் கேப் டிரைவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கதை என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வேறு தியேட்டருக்குப் போயிருப்பேன்.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர். பெண் பார்க்கப் போனபோது 'கம்பெனியில் வேலை' என்று மட்டும் சொன்னோம். டிரைவர்களுக்கும் கம்பெனி கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கார்டு கொடுத்திருந்தது. போட்டோ, பேர், கம்பெனி முத்திரை எல்லாம் இருக்கும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நீலக் கயிறு, எங்களுக்குச் சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். போளூரில் கயிற்றின் நிறத்தை யார் கண்டார்கள்? அவளுடைய அண்ணன் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண் கலங்கினார். அப்பா அம்மா இல்லாத வீடு, தங்கையை வளர்த்து ஆளாக்கினது அவர்தான். நானும் கொஞ்சம் கலங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு நடிப்பு நன்றாகவே வரும்.

தியேட்டரில் வசனங்களை நான் அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதாக ஏற்பாடு. படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு டிரைவர் காரைத் துடைத்துவிட்டு, யாருடைய கார்டையோ கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பினான். தான் பெரிய இன்ஜினியர் என்று அங்கே போய் அளந்துவிட்டான். தியேட்டரே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் என் கையைத் தட்டிக் கேட்டாள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். இவன் நிஜமாகவே இன்ஜினியர்தான். கம்பெனியில் ஒரு திருட்டு நடக்கிறது, கண்டுபிடிப்பதற்காக டிரைவர் வேஷத்தில் இருக்கிறான், கட்டிக்கப்போகிறவளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அந்தத் திருடனைத் துரத்திக்கொண்டே இருந்தேன். திரையில் யார் வந்தாலும் அவன் மேல் சந்தேகம் என்றேன். மாமனாராக வந்த ஒரு பாவப்பட்ட கிழவரைக் கொள்ளைக் கூட்டத் தலைவர் ஆக்கினேன். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பித் திட்டினார். அவளோ மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் கதாநாயகி அவனை டிரைவர் உடுப்பில் பார்த்துவிட்டு அழுதாள். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு இவ இப்படி அழுவுறா? நிஜமாவே டிரைவரா இருந்தாதான் என்ன?" என்று என் காதோடு கேட்டாள். கதவை அவளே திறந்து கொடுத்தாள். நான் உள்ளே போகவில்லை. திருடன் யார் என்று அடுத்து என்ன சொல்லலாம் என யோசித்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

மூன்றாம் மாதம் ஆடிக்குத் தங்கையை அழைத்துப்போக அண்ணன் வந்தார். மாப்பிள்ளையை முதலில் பார்த்துவிடலாம் என்று நேராகக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டி அவரை வண்டி நிறுத்துகிற இடத்துக்கு அனுப்பினான். நான் ஈரத்துணியும் கையுமாக வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே திரும்பி நடந்தார். நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, இவன் வெறும் டிரைவர், துணிமணியை எடுத்து வை, கிளம்பு என்று தங்கையிடம் சொன்னார். இவ்வளவு பெரிய பொய் சொன்னவன் நாளைக்கு எதிலும் சொல்லுவான் என்றார். அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"பொய் சொன்னாருதான், நான் இல்லங்கல. ஆனா அன்னிக்கு சினிமால தொண்டை காயக் காய ஒவ்வொரு வார்த்தையா எனக்கு எடுத்துச் சொன்னாருண்ணா. அந்த மாதிரி மனுசன் கெட்டவரா இருக்க மாட்டாரு. நான் வரல."

அண்ணன் கொண்டுவந்த சீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். ஒரு படத்துக்காக என்னை உதறிவிட்டாய் என்று போகும்போது சொன்னார். அதற்கப்புறம் அவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. இவள் போன் செய்தால் எடுக்க மாட்டார். அவளுக்கு இருந்த ஒரே தாய்வீடு அதுதான். அந்த வாசலில் நின்றபோதாவது அந்தப் படக் கதையும் பொய் என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். இப்போது சொன்னால் போய்விடுவாளே என்று பயந்தேன். நான் பயந்தாங்கொள்ளி, அதை இவ்வளவு வருஷம் கழித்துச் சொல்வதால் எந்தப் பெருமையும் இல்லை.

வருஷங்கள் ஓடின. அவள் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குப் போய், என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டாள். பெண் பிறந்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்தப் படத்தின் கதையை, அதாவது என் கதையை, அக்கம்பக்கத்தில் சொல்லாத ஆளில்லை. 'எங்க படம்' என்றுதான் சொல்வாள். டிவியில் அதைப் போடும் நாளிலெல்லாம் ரிமோட் என் கையில் இருக்கும்.

போன வருஷம் அதைத் தமிழில் எடுத்தார்கள். மகள் செல்போனில் டிரெய்லரைக் காட்டினாள். நீ சொன்ன கதை இது இல்லையே அம்மா, இவன் டிரைவர்தானே என்று கேட்டாள். என் மனைவியின் முகம் சுருங்கியது. நான் முந்திக்கொண்டு, "ரீமேக்குன்னா அப்படித்தான். கெடுத்து வெச்சிருப்பாங்க" என்றேன். ஆமாம், நம்ம ஆளுங்க எதையும் உருப்படியா விட மாட்டாங்க என்று அவளும் சேர்ந்து திட்டினாள். இருந்தாலும் போயே ஆக வேண்டும் என்றாள். மகளை டியூஷனில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். ரீமேக் என்ற ஒரு சொல் என்னைக் கரையேற்றிவிடும் என்று மலைபோல நம்பிக்கொண்டு போனேன்.

இடைவேளை வரைக்கும் அவள் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தாள். திருட்டையே காணோமே, அதுதானே கதையில் உயிர் என்றாள். நான் தலையாட்டினேன். விளக்குப் போட்டதும் பின் சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டது எங்கள் இருவருக்குமே கேட்டது. சட்டை நிறம்கூட மாற்றாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி திரும்பினாள். கன்னடத்திலும் இவன் டிரைவர்தானா என்று அவர்களிடம் கன்னடத்திலேயே கேட்டாள். முதல் சீனிலிருந்து கடைசி வரைக்கும் டிரைவர்தான் என்றார்கள். அந்த மாமனார்? பாவம், அவர் நல்லவராயிற்றே என்றார்கள்.

அவள் எழுந்து வரவில்லை. மிச்சப் படத்தை முழுக்கப் பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு வசனத்தையும் கவனமாகக் கேட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"நிஜமாவே டிரைவரா இருந்தாதான் என்னன்னு கேட்டேனே. அப்பகூட உங்களுக்குச் சொல்ல வாய் வரலையா?"

வரவில்லை என்றேன்.

"அந்த ஒரு நாளுக்காகத்தான் எங்கண்ணன விட்டேன். அதுவும் பொய்யா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மன்னித்துவிடு என்று சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது. பஸ் வந்ததும் முன்பக்கம் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் நின்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை எடுத்தார். 'அண்ணா' என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே இருந்தாள். மறுநாள் போளூருக்குப் போனாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது என்றாள். எனக்காக வந்ததாக அவளும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

இப்போது சண்டை எதுவும் இல்லை. சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். டாக்டர் சுகர் குறைந்திருக்கிறது என்றார் என்று சொன்னால், ரிப்போர்ட்டுக்காகக் கையை நீட்டுகிறாள். நான் எதையும் மறைப்பதே இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் வெளியிலிருந்து வந்து, நல்ல மழை, குடையை எடுத்துக்கோ என்றேன். என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுத்தாள்.