செல்வியக்காவுக்கு வந்த கட்டி வேறு

இந்த நேரத்தில் நம் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

திங்கட்கிழமை ஃபேக்டரி ஆபீசில் இருந்தபோது போன் வந்தது. எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செல்வியக்கா போய்விட்டார். மூளையில் கட்டி.

மகளைக் கூட்டிவர நான் தாமதமாகப் போகும் நாளெல்லாம் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "ஏனுங்க ஆபீசம்மா, புள்ளைய எங்க ரேஷன் கார்டுலயே சேர்த்துரட்டுங்களா?" உள்ளே குழந்தைகள் கத்துவது எனக்கு வெறும் இரைச்சல். அவருக்கு அப்படி இல்லை. "அழுகையெல்லாம் ஒண்ணில்லீங்க. இது பசி, அது தூக்கம். அந்தா மூலையில கத்துறானே, அது சும்மா வீம்பு" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு வந்த கட்டியைத்தான் நாம் இன்னொருவர் கட்டியோடு ஒன்றாக்கிவிட்டோம்.

காலையில் தலைவலி, வாந்தி என்றபோது பனி என்றார்கள். "இந்த வயசுல விசேஷமா?" என்று சிரித்தவர்களும் உண்டு. கையிலிருந்த பால் டம்ளர் தானாக நழுவிய பிறகுதான் கோயம்புத்தூரில் ஸ்கேன். உடனே அட்மிட் ஆகச் சொன்னார்கள். அவர் கணவரோ, "பக்கத்து ஊட்டுக் கமலாவுக்கும் கட்டிதானுங்க. ஆறு மாசங் கழிச்சு வாங்கன்னு அனுப்பலையா? கொழுந்து சீசன் முடியட்டும்" என்று கூட்டி வந்துவிட்டார். லைன் வீடுகளே தலையாட்டின.

மறுபடி தூக்கிக்கொண்டு போனபோது நானும் கூட இருந்தேன். கமலாக்காவுக்கு இருப்பது மூளையின் மேலுறையில் மெதுவாக வளர்வது, பெண்களுக்கு அதிகம் வருவது, பெரும்பாலும் புற்று இல்லை என்றார், அவரையும் பார்த்த அதே டாக்டர். செல்வியக்காவுக்கு மூளைக்குள்ளேயே முளைத்து வேகமாகப் பரவுவது. "ஆறு மாசம்னு அவங்களுக்குச் சொன்னதும்மா. இவங்களுக்கு யார் சொன்னா?" முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் சில மாதங்கள் கிடைத்திருக்கலாம் என்றார். அதைத்தான் பறித்தோம்.

இப்போது சாவு வீட்டில் உட்கார்ந்து கமலாக்கா சொல்கிறார்: "செல்வியே போயிட்டா. அதே கட்டிக்கு நான் எதுக்குங்க இன்னொரு ஸ்கேன் எடுக்கோணும்?" சுற்றி இருந்தவர்கள் மறுபடியும் தலையாட்டினார்கள்.

மகள் அழுதால் இப்போது ஒரு நிமிடம் நின்று, எந்த அழுகை என்று கேட்கிறேன். செல்வியக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

கமலாக்கா, உங்களுடையது வேறு. வியாழக்கிழமை கோயம்புத்தூருக்கு ஜீப் சொல்லியிருக்கிறேன். வருகிறீர்களா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.